பெங்களூர் என்று சொன்னவள்

ஹைதராபாத் குகட்பள்ளி கோர்ட் வராந்தாவில் அன்று காலை கனகம் அக்கா உட்காரவே இல்லை. பெஞ்சில் இடம் இருந்தது. நான் நகர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"நீ இரி. நான் உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

அக்காவின் மகள் தாரிணி காணாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசியாக அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போன வேணுகோபால் மேல் கடத்தல் வழக்கு. அவன் ஜாமீனில் இருந்தான். வராந்தாவின் மறுகோடியில் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் நின்று, கூட வந்தவரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். அன்று அக்காவின் சாட்சி.

அரசு வக்கீல் ரஷ்மி மேடம் அங்கியைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டே வந்தார். சின்ன வயது, தெலுங்கில் வேகமாகப் பேசுவார்.

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில். கதை சொல்லாதீங்க. அந்த மெசேஜைப் பத்தி எதிர்ப்பக்கம் கேப்பாங்க. 'என் மகள் நம்பர்லேருந்து வந்தது'ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அது உண்மைதானே?"

அக்கா தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்தாள்.

செய்தி தாரிணியின் நம்பரிலிருந்துதான் வந்தது. அதை அனுப்பியவள் தாரிணி இல்லை, அக்கா. அந்த வராந்தாவில் இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தூணோரம் நின்றிருந்த அக்காவின் வீட்டுக்காரர் பக்தவத்சலம் அண்ணாச்சிக்குத் தெரியாது. மகள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று நம்ப அவருக்கு இருந்தது அந்தச் செய்தி ஒன்றுதான்.

அக்கா அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவள். அண்ணாச்சிக்கு மத்திய அரசின் பாதுகாப்புத் துறையில் வேலை. ஹவுசிங் போர்டு காலனியில் வீடு கட்டி மாடியை வாடகைக்கு விட்டார்கள். அதில் குடிவந்தவர்கள் நானும் என் கணவர் ஃபெலிக்ஸும். எனக்கு அப்போது தெலுங்கில் ஒரு சொல்கூடத் தெரியாது. தமிழிலும் அதிகம் பேச மாட்டேன். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுத் தூத்துக்குடியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள். முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"ஏட்டி ரோஸ்லின், வாய்க்குள்ள என்ன முத்தா வச்சிருக்கே? தொற, கீழ விழுந்தா நான் பொறுக்கித் தாரேன்" என்பாள் அக்கா.

காய்கறி வண்டியில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எனக்காக அவள்தான் பேசினாள். எனக்கு மட்டும் என்றில்லை. காலனியில் யாருக்கு ஒரு சங்கடம் வந்தாலும் அதை மூடிவைக்க அவளிடம் ஒரு வார்த்தை தயாராக இருக்கும். நான் அழுதுகொண்டிருக்கும்போது மாமியார் போன் செய்தால், "அவ ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிடுவாள். எதிர்வீட்டுப் பெண் புருஷனோடு சண்டை போட்டு அம்மா வீட்டில் வந்து இருந்தபோது, "பல்லு வைத்தியத்துக்கு வந்திருக்கா, இங்கதான் நல்ல டாக்டர்" என்று தெரு முழுவதையும் நம்ப வைத்தாள். அந்தப் பெண்ணின் அம்மாவே ஒரு கட்டத்தில் பல்லைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பாள். யாரும் அவளிடம் இப்படிச் செய் என்று கேட்டதில்லை. ஒரு வீட்டு விஷயம் தெருவுக்கு வரக்கூடாது என்பது அவள் கணக்கு. சங்கடம் தன் வீட்டுக்கு வந்தபோதும் அவள் கை அதையே செய்தது.

தாரிணி செகந்திராபாத்தில் வேணுகோபால் நடத்திய கணக்கு ஆபீசில் வேலை பார்த்தாள். வயது இருபத்து மூன்று. வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்வாள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணாச்சியின் அக்கா பார்த்து வைத்த இடம். திங்கட்கிழமை காலை அதைப் பற்றி அம்மாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். மாடியில் எனக்கே கேட்டது. தாரிணி கேட்டைச் சாத்தாமல் போனாள். அன்று இரவு வரவில்லை. போன் அணைந்திருந்தது.

அண்ணாச்சி அப்போது ஒடிசாவில் ஆபீஸ் வேலையாக இருந்தார். அங்கே போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அக்கா தாரிணியின் தோழிகளிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருத்தி வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தணிந்தால் வருவாள் என்று நினைத்தாள்.

புதன்கிழமை காலை சென்னையிலிருந்து நாத்தனார் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா தாரிணியோடு பேச வேண்டுமாம், போன் ஏன் அணைந்தே கிடக்கிறது என்று கேட்டார். கல்யாணம் பேசும் பெண் இரண்டு ராத்திரியாக வீட்டுக்கு வரவில்லை என்று ஒரு தாய் எந்த வாயால் சொல்வாள்? அக்கா அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டு, "பெங்களூருக்கு ட்ரெய்னிங் போயிருக்கா மதினி. திடீர்னு அனுப்பிட்டாவ" என்றாள்.

"அப்ப ஒரு மெசேஜாவது போடச் சொல்லு. அவங்க என்ன நெனப்பாங்க" என்றார் நாத்தனார்.

தாரிணியின் லேப்டாப் வீட்டில் இருந்தது. அதில் வாட்ஸ்அப் எப்போதும் திறந்தே இருக்கும். போன் அணைந்திருந்தாலும் சில நாள் அது வேலை செய்யும். சீரியல் பார்ப்பதற்காக மகளிடம் கற்றுக்கொண்டதால் அக்காவுக்கு லேப்டாப்பைத் திறக்கத் தெரியும். குடும்பக் குழுவில், மகள் எழுதுவதைப் போலவே சின்ன ஆங்கிலத்தில், பெங்களூர் வந்துவிட்டேன், ட்ரெய்னிங், சிக்னல் இல்லை, பிறகு பேசுகிறேன் என்று போட்டாள். மறுநாள் போன் கைக்குக் கிடைத்ததும் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு 'பத்திரம் கண்ணு' என்று எழுதினார். அக்கா அதற்கு மகள் பெயரிலேயே ஒரு சிவப்பு இதயம் போட்டாள்.

அன்று மாலை என்னிடமும் பெங்களூர் என்றுதான் சொன்னாள். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை அண்ணாச்சி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பெங்களூர்ல எங்க தங்கிருக்கா?" என்று கேட்டார். அக்கா அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். போன் கிடைக்கவில்லை, பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போலீசில் கொடுத்த புகாரே, பெங்களூர் போன மகளைக் காணவில்லை என்று தொடங்கியது. போலீஸ் இரண்டு மாதம் பெங்களூரில் தேடியது.

அதன் பிறகுதான், தார்நாகாவில் ஒரு மருந்துக்கடைக்காரர் வேறு ஒரு திருட்டுக்காக எடுத்து வைத்திருந்த கேமராப் பதிவில், திங்கட்கிழமை மாலை தாரிணி வேணுகோபாலின் காரில் ஏறுவது தெரிந்தது; அக்காதான் படத்தைப் பார்த்து அடையாளம் சொன்னாள். அவளுடைய போன் அன்றே ஊருக்கு வெளியே கட்கேசர் பக்கம் அணைந்திருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். பெங்களூர் ட்ரெய்னிங் பற்றிப் போலீஸ் முதலில் விசாரித்தபோது, தான் அனுப்பவில்லை, அன்று அவளைப் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருந்த வேணுகோபால், படத்தைக் காட்டியதும் பேச்சை மாற்றினான். ஆமாம், பெங்களூர் போவதாகச் சொன்னாள், செகந்திராபாத் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன் என்றான். புதன்கிழமை செய்தி அவன் சொன்னதற்கு ஒத்துப்போனது; போன் அணைந்திருந்தாலும் வேறு எதிலிருந்தாவது அனுப்பியிருப்பாள் என்று போலீஸ் விட்டுவிட்டது.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற பின் மாதம் ஒரு முறை பெங்களூர் போனார். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலும் பெண்கள் விடுதி வாசல்களிலும் படத்தைக் காட்டி நிற்பார். திரும்பி வந்து, "அடுத்த தடவ ஒயிட்ஃபீல்டு பக்கம் பாக்கணும் கனகு. அங்கதான் கம்பெனி நெறய இருக்கு" என்பார். அக்கா டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே "சரி" என்பாள்.

போன வாய்தாவில் அண்ணாச்சியின் சாட்சி நடந்தது. வேணுகோபாலின் வக்கீல் ஜெயராம் அந்தச் செய்தியைப் பற்றிக் கேட்டார். அண்ணாச்சி போனைப் பார்க்காமலே முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னார். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதுதான் அக்கா எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சு, கோயில்ல சொல்லுத மாதிரி சொன்னாருட்டி. எனக்குக் கூண்டுல போயி அவரு வாயப் பொத்தணும்போல இருந்துச்சு."

நான் துணியை மடித்துக்கொண்டே நின்றேன்.

"சொன்னா இந்த மனுசன் ஒடஞ்சிருவாரு. சொல்லலைன்னா அவன் சட்டையத் தட்டிவிட்டுப் போயிருவான். என்ன செய்யட்டும், நீயே சொல்லு." நான் வாயைத் திறப்பதற்குள், "நீ என்னத்தச் சொல்லுவ, ஊமக்கோட்டான்" என்று என் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

கோர்ட்டுக் கூடம் சின்னது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி எனக்கு முன் பெஞ்சில். அவர் சாட்சி முடிந்துவிட்டதால் உள்ளே இருக்க விட்டார்கள். டவாலி அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அக்கா கூண்டில் ஏறி, மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கேள்வியும் பதிலும் தெலுங்கில் நடந்தன. அக்கா சொன்னது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

ரஷ்மி மேடம் மகளின் படிப்பு, வேலை எல்லாம் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமைக்கு வந்தார்.

"வீட்டை விட்டுக் கிளம்பும்போது மகள் என்ன சொன்னாள்?"

பெங்களூர் போவதாகச் சொன்னாள் என்று போலீசிடம் அக்கா கொடுத்த வாக்குமூலம் மேடத்தின் கையில் இருந்தது. அதைத்தான் அவர் எதிர்பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல. கோவத்துல போனா."

மேடம் தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு முறை கேட்டார். அதே பதில் வந்தது. ஜட்ஜம்மா அதை ஆங்கிலத்தில் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். வேணுகோபால் தன் வக்கீலின் அங்கி நுனியை இழுத்தான். அவர் திரும்பாமலே, பொறு என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு எழுந்தார்.

"வணக்கம் அம்மா. போலீசுகிட்ட பெங்களூர்னு சொன்னீங்க. இன்னிக்கி ஒண்ணும் சொல்லலைங்கிறீங்க. இதுல எது பொய்?"

"போலீசுல சொன்னது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜெயராமும் சிரித்தார். "பரவாயில்ல, வயசாகுது, மறக்கும். புதன்கிழமை உங்க மகள் நம்பர்லேருந்து ஒரு மெசேஜ் வந்துச்சே. அதுவும் மறந்துபோச்சா?"

அக்கா மேடத்தைப் பார்த்தாள். ரஷ்மி மேடம் பேனாவை மூடித் திறந்தார்.

"செப்பண்டி, பதில் சொல்லுங்கள்" என்றார் ஜட்ஜம்மா.

"நம்பர் அவ நம்பர்தான்."

அண்ணாச்சியின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அவர் மூச்சை விட்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குக்கூட ஒரு நிம்மதி வந்தது. ஜெயராம் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "அதாவது, மகள் பெங்களூர் போய்ச் சேர்ந்து தன் கையாலேயே அனுப்பிய செய்தி" என்று எடுத்துக் கொடுத்தார்.

"அவ அனுப்பல சார். நான் அனுப்புனேன்."

டைப்பிஸ்டின் கை நின்றது.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, தெரிந்துதான் சொல்கிறீர்களா? இது உங்களுக்கே எதிராக வரலாம். யோசித்துச் சொல்லுங்கள்."

"மூணு வருஷம் யோசிச்சாச்சும்மா."

பிறகு அக்கா சொன்னாள். பெண் பார்க்க வரவிருந்தது, நாத்தனாரின் போன், லேப்டாப், எல்லாம். எதையும் இழுக்கவில்லை. எதற்கும் அழவில்லை. ரேஷன் கடையில் எனக்காகச் சண்டை போடும்போது இருக்கும் அதே குரல், சற்றுத் தாழ்ந்து வந்தது. ஜெயராமின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அப்பா 'பத்திரம்'னு எழுதினாரு. அதுக்கு மகள் ஒரு ஹார்ட் அனுப்பினா. அதுவும் நீங்கதானா?"

அக்கா அப்போதுதான் அண்ணாச்சி இருந்த பக்கம் பார்த்தாள்.

"அதும் நான்தான்."

அண்ணாச்சி சட்டைப் பையில் இருந்த போனை வெளியிலிருந்தே உள்ளங்கையால் மூடியிருந்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு, கேசுக்காக ஜோடிச்ச கதைன்னு நான் சொல்றேன்."

"என் வீட்டுக்காரர் அந்தா உக்காந்திருக்காரு. அவருக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அதப் புடுங்கிட்டு எனக்கு என்ன கெடைக்கப் போவுது?"

ஜெயராம் தாள்களைப் புரட்டினார். "சரி. மெசேஜ் யார் அனுப்பினாலும், உங்க மகள் என் கட்சிக்காரர்கிட்ட நேரா சொல்லியிருக்கா, பெங்களூர் போறேன்னு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"எப்படிச் சார் சொல்லிருப்பா? திங்கக்கிழம அவரு காருல ஏறினா. பெங்களூருங்கிற பேச்சு அன்னிக்கு யாருகிட்டயும் கெடையாது. அது எங்க அடுப்படியில புதன்கிழம நான் கண்டுபிடிச்சது. எம்பொண்ணுக்கே தெரியாத ஊர அவ எப்படி இவருகிட்டச் சொல்லிருப்பா?"

ஜட்ஜம்மா அந்தப் பதிலை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வேணுகோபால் முன்னால் குனிந்து வக்கீலின் காதில் ஏதோ சொன்னான், அவர் "உட்காருங்க" என்று பல்லுக்கிடையில் சொன்னார். அவன் உட்கார்ந்தபோது வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. குறுக்கு விசாரணையைத் தொடர அவகாசம் வேண்டும் என்று ஜெயராம் கேட்டார். லேப்டாப்பைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ரஷ்மி மேடம் எழுந்தார். ஜட்ஜம்மா இரண்டுக்கும் தேதி போட்டார்.

வராந்தாவில் ரஷ்மி மேடம் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"இதை என்கிட்ட முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லிருந்தா நீங்க சொல்ல விட்டிருக்க மாட்டீங்க."

"உங்க மேலேயே கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடட்டும். கோர்ட்டுக்கு வழி தெரியும்லா."

மேடத்துக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்ததைப் பார்த்தேன். "லேப்டாப்பை யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

அண்ணாச்சி எங்களுக்காக நிற்காமல் ரோட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அக்கா ஒரு முறை "இந்தாருங்க" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. வெயிலில் அவர் நடை கோணலாக இருந்தது. எங்களை விட்டுவிட்டு அப்படியே எங்காவது போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். மெட்ரோ தூணருகில் ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறி ஓரமாக உட்கார்ந்தார். போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. அக்கா தயங்கி நின்றாள். நான் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அவள் நடுவில் உட்கார்ந்தாள், நான் மறுபக்கம்.

"காலனி" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

இரண்டு சிக்னல் தாண்டினோம். அண்ணாச்சி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"திங்கக்கிழம காலையில என்ன சாப்ட்டா?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "சாப்பிடல. தோச ஊத்துனேன், வேண்டாம்னுட்டா" என்றாள்.

"துணிமணி ஏதும் எடுத்தாளா?"

"ஒண்ணும் எடுக்கல. ஆபீஸ் பைதான்."

"சார்ஜர்?"

"வீட்டுலதான் கெடந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எந்தப் பக்கம் திரும்பினா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அன்று அவள் வாசலுக்கு வந்து பார்க்கவில்லை, அடுப்படியில் இருந்தாள்.

"மெயின் ரோட்டுப் பக்கம் அண்ணாச்சி" என்றேன். "மாடியிலேருந்து பாத்தேன். பஸ் ஸ்டாப்புல நின்னா. பத்தாம் நம்பர் பஸ் வந்துட்டுப் போயிருச்சு, ஏறல. அடுத்த பஸ்சுலதான் ஏறினா."

அவர் முதன்முறையாக எங்கள் பக்கம் திரும்பினார். அக்காவைத் தாண்டி, என்னைத் தாண்டி, எங்கேயோ பார்த்தார்.

"ஆட்டோ ரோக்கோ" என்றார். ஆட்டோ ஓரமாக நின்றது. "காலனி நக்கோ. தார்நாகா சலோ." காலனி வேண்டாமாம், தார்நாகாவுக்குப் போக வேண்டுமாம்.

"தார்நாகாவா? அது எங்கயோ இருக்கு, எவ்ளோ ட்ராபிக் தெரியுமா சாப்?"

"தெரியும். அந்த மருந்துக்கட பக்கத்துல எறக்கி விடு, நான் வழி சொல்லுதேன்" என்று தமிழிலேயே சொன்னார். ஆட்டோக்காரருக்கு என்ன புரிந்ததோ, முனகிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

"நான் வரட்டுமா, எறங்கட்டுமா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தாரிணி எந்தப் பக்கம் நின்னு காருல ஏறினான்னு கேமராப் படத்துல பாத்தேல்லா. வந்து காட்டு" என்றார்.